“கடவுளே என்னை மன்னித்துவிட்டார், உனக்கு என்ன?” என்று கேட்கும் அப்பாவுக்கு என்ன பதில்?

இந்தக் கேள்வியை அனுப்பியவர் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த ஒரு பெண். அவர் எழுதியதன் சுருக்கம் இது:

“அப்பா குதிரைப் பந்தயத்திலும் ஃபோர் டி லாட்டரியிலும் பணத்தை விட்டார். பிறகு கடன் முதலைகள் எனப்படும் கள்ள வட்டிக்காரர்களிடம் போனார். நான் உயர்நிலை இரண்டில் படித்தபோது ஒரு நாள் விடியற்காலை எங்கள் வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றியிருந்தார்கள். படிக்கட்டுச் சுவரில் எங்கள் வீட்டு எண். பக்கத்து வீட்டார் எழுவதற்குள் அம்மா டர்பன்டைனில் பழைய துணியை நனைத்துத் தேய்த்தார். அம்மாவின் தாலிக்கொடி போனது, என் மேற்படிப்புக்குச் சேர்த்த பணமும் போனது. அம்மா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது அப்பா கிறிஸ்துவராகிவிட்டார். அடுத்த மாதம் ஞானஸ்நானம். ‘கடவுளே என்னை மன்னித்துவிட்டார், நீ ஏன் இன்னும் மனதில் வைத்திருக்கிறாய்’ என்கிறார். எங்களுக்குச் செய்ததை மன்னிக்கக் கடவுள் யார்? இதுதான் கிறிஸ்துவப் போதனையா? அந்த ஞானஸ்நானத்துக்கு நான் போக வேண்டுமா?”

பதில்:

உங்கள் அப்பா சொல்வதில் முதல் பாதி கிறிஸ்துவப் போதனைதான். இரண்டாம் பாதி அவர் சொந்தமாகச் சேர்த்துக்கொண்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதி எல்லாம் அதற்கான விளக்கம்.

நான் இறையியல் பட்டம் வாங்கிய போதகர் இல்லை. மெதடிஸ்ட் என்னும் புரொட்டஸ்டன்ட் சபையில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வப்போது பிரசங்கம் செய்து வரும் உறுப்பினன். பிழைப்புக்குப் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். மனைவி கத்தோலிக்கர், ஓஃபிர் சாலை லூர்து மாதா ஆலயத்துக்குப் போகிறவர். 1888ல் கட்டி முடித்த அந்தக் கோயில் இங்குள்ள தமிழ்க் கத்தோலிக்கர்களுக்குப் பிறந்த வீடு மாதிரி. ஆகவே எங்கள் வீட்டில் இயேசு கற்பித்த ஜெபம் இரண்டு விதமாக ஒலிக்கும். நான் சொல்வது, “எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்.” அவர் சிறு வயதில் பாடம் செய்தது, “எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் பொறுப்பதுபோல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்.” ஒரே ஜெபம், ஒரே வரி. ஒன்றில் கடன், இன்னொன்றில் பொறுத்தல். புதிதாகக் கல்யாணமான காலத்தில் இரண்டு பேரும் சேர்ந்து ஜெபிக்கும்போது இந்த இடத்தில் தடுமாறிச் சிரிப்போம். வயதான பிறகுதான், மன்னிப்பைப் பற்றி நான் படித்த பல புத்தகங்களைவிட இந்த இரண்டு தமிழ்ச் சொற்கள் அதிகம் சொல்லுகின்றன என்று தோன்றியது.

கடனை முதலில் பார்ப்போம். இயேசு பேசிய அரமேய மொழியில் கடனுக்கும் பாவத்துக்கும் ‘ஹோபா’ என்று ஒரே சொல். சுவிசேஷம் எழுதியவர்களில் மத்தேயு கிரேக்கத்தில் எழுதும்போது அதைக் கடன் என்றே வைத்துக்கொண்டார், லூக்கா பாவம் என்று மாற்றினார். பழைய தமிழ் வேதாகமம் மத்தேயுவை அப்படியே பின்பற்றியது. கடன் என்றால் என்ன என்று உங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒருவர் எனக்கு 5,000 வெள்ளி (டாலர்) தர வேண்டும், நான் ‘போகட்டும், விடு’ என்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 5,000 வெள்ளி எங்கே போனது? காற்றில் கரையவில்லை. என் பையிலிருந்துதான் போனது. கடனை வாங்கியவர் கட்டாவிட்டால் கொடுத்தவர் கட்டுகிறார், அவ்வளவுதான். மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, அது உங்கள் வீட்டில் நடந்தது: சம்பந்தமில்லாத ஒருவர் கட்டுவது. அப்பாவின் கடனை அம்மாவின் தாலிக்கொடி கட்டியது.

இப்போது பொறுத்தல். தமிழில் ‘பொறை’ என்றால் பொறுமை, ‘பொறை’ என்றால் சுமை. இரண்டும் ஒரே சொல்தான். பொறுப்பு என்ற சொல்லும் இந்தக் குடும்பம்தான். ‘அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல’ என்று வள்ளுவர் பொறையுடைமையைத் தொடங்குவது சும்மா ஓர் உவமைக்காக இல்லை; தாங்குவதுதான் அந்தச் சொல்லின் பொருளே. ஆச்சரியம் என்னவென்றால், பழைய ஏற்பாட்டின் எபிரேய மொழியிலும் இதே கதைதான். மன்னிப்பதற்கு அங்கே உள்ள சொற்களில் ஒன்று ‘நாசா’. தூக்கு, சும என்பது அதன் நேர்ப் பொருள். யாத்திராகமம் 34ஆம் அதிகாரத்தில் கடவுள் தம்மைப் பற்றியே மோசேயிடம் சொல்லும்போது ‘அக்கிரமத்தை மன்னிக்கிறவர்’ என்று நாம் படிக்கும் இடத்தில் மூலத்தில் இருப்பது ‘அக்கிரமத்தைச் சுமக்கிறவர்’. ஏசாயா 53ல் ‘அநேகருடைய பாவத்தைத் தாமே சுமந்து’ என்று வருவதும் அதே வினைச்சொல். தம்பி யோசேப்பை அடிமையாக விற்ற அண்ணன்மார் பிறகு அவனிடம் மன்னிப்புக் கேட்கும்போதும் அதுதான்: எங்கள் குற்றத்தைத் தூக்கிச் சும என்று கேட்கிறார்கள். என் மனைவியின் ‘பொறுத்தருளும்’ என்னுடைய ‘மன்னியும்’ என்பதைவிட எபிரேயத்துக்கு நெருக்கமானது என்று நான் ஒப்புக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. (அவரிடம் இன்னும் சொல்லவில்லை.)

கிறிஸ்துவம் சொல்லும் மன்னிப்பின் நடுப்பகுதி இதுதான். கடவுள் பெரிய மனது பண்ணிக் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டார் என்பதோடு அது நிற்கவில்லை. பாவத்தின் விலையை அவரே சுமந்தார், அந்தச் சுமையின் உருவம்தான் சிலுவை என்கிறது. எப்படிச் சுமந்தார் என்பதில் ஆயிரம் ஆண்டுகளாகச் சண்டை. 11ஆம் நூற்றாண்டில் ஆன்செல்ம் என்ற இறையியலாளர் கடவுளின் மாண்புக்குச் செலுத்த வேண்டிய ஈடு என்றார். அவருக்குப் பின் வந்த அபேலார்டு அன்பின் வெளிப்பாடு என்றார். புரொட்டஸ்டன்ட் சீர்திருத்தக்காரர்கள் நமக்கு வர வேண்டிய தண்டனையை அவர் ஏற்றார் என்றார்கள். உங்கள் கேள்விக்கு இவற்றில் எது சரி என்பது முக்கியமில்லை. மூன்றிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது: மன்னிப்பு இலவசம் என்றால் பெறுகிறவருக்கு இலவசம், கொடுக்கிறவருக்கு இல்லை.

சரி, உங்கள் கோபத்தின் மையத்துக்கு வருகிறேன். ‘எங்களுக்குச் செய்ததை மன்னிக்கக் கடவுள் யார்?’ இந்தக் கேள்வியை நீங்கள் முதன்முதலாகக் கேட்கவில்லை. இதற்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு கேள்வி மாற்கு இரண்டாம் அதிகாரத்திலேயே இருக்கிறது. திமிர்வாதக்காரனிடம், அதாவது கைகால் முடங்கிய ஒருவனிடம், இயேசு ‘உன் பாவங்கள் உனக்கு மன்னிக்கப்பட்டது’ என்றதும் வேதபாரகர்கள் என்னும் வேத அறிஞர்கள் முணுமுணுக்கிறார்கள், மன்னிக்க இவர் யார் என்று. அதைவிடக் கடினமான இடம் இஸ்ரவேலின் ராஜா தாவீதுடையது. தன் படைவீரன் உரியா போர்முனையில் இருக்கும்போது அவன் மனைவி பத்சேபாளை அரண்மனைக்கு வரவழைத்தான். அவள் கர்ப்பமானதும் அதை மறைக்க உரியாவைச் சண்டை மும்முரமாக நடக்கும் இடத்தில் நிறுத்திச் சாகடித்தான். அப்புறம் சங்கீதம் 51ல் அழுதுகொண்டே என்ன சொல்கிறான்? ‘தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்தேன்.’ ஒருவருக்கேயா? செத்துப்போன உரியா எங்கே? இந்த வரியை முதலில் கவனித்துப் படித்த நாளில் எனக்கு உடம்பு கொதித்தது. உரைகாரர்கள் பலவிதமாகச் சமாதானம் சொல்வார்கள்: எந்த அநியாயமும் கடைசியில் கடவுளின் ஒழுங்குக்கு எதிரானது, ஏழையின் மேல் விழும் அடி அவனைப் படைத்தவர் மேல் விழுகிறது, அந்தப் பொருளில் அப்படிச் சொன்னான் என்று. அது உண்மைதான். கடவுளும் இதில் காயப்பட்டவர் என்பதால்தான் அவரால் மன்னிக்க முடிகிறது. ஆனால் அவர் மன்னிப்பது தமக்கு வந்த காயத்தை. உங்கள் காயத்துக்கான ரசீதை அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார் என்று வேதத்தில் எங்கும் இல்லை.

இதற்கு எனக்குப் பிடித்த சாட்சி, யாரும் பிரசங்கம் பண்ணாத ஒரு வரி. மத்தேயு தன் சுவிசேஷத்தை வம்சவரலாற்றோடு தொடங்குகிறார். பெயர்ப் பட்டியல், கூட்டத்தில் வாசித்தால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். அதில் ஆறாவது வசனம்: ‘தாவீது ராஜா உரியாவின் மனைவியாயிருந்தவளிடத்தில் சாலொமோனைப் பெற்றான்.’ பத்சேபாள் என்று எழுதினால் முடிந்திருக்கும். தாவீது மன்னிக்கப்பட்டு ஆயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. ‘கர்த்தர் உன் பாவம் நீங்கச்செய்தார்’ என்று நாத்தான் தீர்க்கதரிசி நேராக அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார். இருந்தும் மேசியாவான இயேசுவின் குடும்ப அட்டவணையில் உரியாவின் பெயர் நிற்கிறது. கொலைகாரன் மன்னிக்கப்பட்டான் என்பதற்காகக் கொல்லப்பட்டவன் பெயரை அழிக்கவில்லை.

உங்கள் அப்பாவுக்கு யாராவது எரேமியா 31ஐச் சொல்லியிருப்பார்கள், ‘அவர்கள் பாவங்களை இனி நினையாதிருப்பேன்’ என்று. கடவுளே மறந்துவிட்டார், மகள் மறக்கவில்லை என்று அவர் வருத்தப்படலாம். இங்கே நம் ஊர்ச் சட்டம் ஒன்றை நினைத்துப் பாருங்கள். சிறு குற்றத்துக்கு 3 மாதத்துக்கு மேற்படாத சிறையோ 2,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதமோ பெற்றவர், வேறு சில நிபந்தனைகளும் பொருந்தி, 5 ஆண்டுகள் மறுபடி குற்றம் செய்யாமல் இருந்தால், அந்தப் பதிவைக் காலாவதியானதாகக் கருதுகிறார்கள். குற்றப் பதிவு உண்டா என்று கேட்டால் இல்லை என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. பழையதை அவர் மேல் போடமாட்டோம் என்று அரசாங்கம் கொடுக்கும் வாக்கு அது. பொருளைப் பறிகொடுத்தவரின் நினைவு அன்றோடு அழிந்துவிட வேண்டும் என்று அந்தச் சட்டம் எதிர்பார்க்கவில்லை. எரேமியாவின் ‘நினையாதிருப்பேன்’ என்பதும் இந்த மாதிரியான சொல்தான். இனி இதை வைத்து உன்னை நடத்தமாட்டேன் என்ற வாக்கு. வித்தியாசம், கடவுள் 5 ஆண்டு காத்திருப்பதில்லை, சிறு குற்றம் பெருங் குற்றம் என்று பிரிப்பதுமில்லை. அதுதான் கிறிஸ்துவர் அல்லாதவர்களுக்கு இடறலாக இருக்கிறது. எனக்கும் சில நாட்களில் இடறலாகத்தான் இருக்கிறது.

மன்னிப்புப் பெற்றவர் என்ன செய்ய வேண்டும்? இதில் யூதர்களும் கிறிஸ்துவர்களும், கத்தோலிக்கர்களும் நாங்களும் அதிசயமாக ஒத்துப்போகிறோம். யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், பாவநிவிர்த்தி நாளைப் பற்றிய பகுதியில், தெளிவாக இருக்கிறது: மனிதனுக்கும் கடவுளுக்கும் நடுவே உள்ள பாவங்களை அந்த நாள் தீர்க்கும், மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவே உள்ளதை, அவன் போய் மற்றவனைச் சமாதானப்படுத்தும்வரை தீர்க்காது. இயேசு மலைப்பிரசங்கத்தில் சொல்வதும் அதே: நீ காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்து நிற்கும்போது, ‘உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று’ நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, முன்பு அவனோடு ஒப்புரவாகு, பிறகு வா. கவனியுங்கள், உனக்கு அவன் மேல் குறை இருந்தால் என்று சொல்லவில்லை. அவனுக்கு உன் மேல் குறை இருந்தால். நடந்து போக வேண்டியவர் குற்றம் செய்தவர். கதவைத் தட்ட வேண்டியவர் அவர்.

வரி வசூலித்துப் பணக்காரனான சகேயுவின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, இயேசுவைப் பார்க்க அவன் மரம் ஏறியதோடு விட்டுவிடுகிறோம். இயேசு அவன் வீட்டுக்குத் தாமாகவே போனார், எந்த நிபந்தனையும் வைக்கவில்லை. அதைக் கேட்டு ஊரே முறுமுறுத்தது. ஆனால் அதற்கப்புறம் அந்தச் சின்ன மனிதன் எழுந்து நின்று சொன்னது முழுக்க முழுக்கப் பணக் கணக்கு: சொத்தில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதை ‘நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்.’ யாரும் கேட்கவில்லை, தானாகச் சொன்னான். ‘இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது’ என்று இயேசு சொன்னது அந்த எண்ணைக் கேட்ட பிறகுதான். மன்னிப்பு வீட்டுக்குள் வந்துவிட்டது என்பது பணப்பையின் சத்தத்தில் தெரிந்தது.

கத்தோலிக்கத் திருச்சபையில் இதை இன்னும் கறாராக வைத்திருக்கிறார்கள். பாவசங்கீர்த்தனத்தில் குரு பாவமன்னிப்பு வழங்குவார், கூடவே பரிகாரமும் சொல்வார். திருடியதைத் திருப்பிக் கொடுப்பது, பிறர் பெயரைக் கெடுத்திருந்தால் சரிசெய்வது, இயன்றவரை செய்தே ஆக வேண்டும் என்று அவர்களுடைய மறைக்கல்வி நூல் சொல்கிறது. மன்னிப்புப் பாவத்தை நீக்குகிறது, பாவம் உண்டாக்கிய எல்லாச் சீர்கேட்டையும் சரிசெய்துவிடுவதில்லை என்பது அங்கே கொடுக்கும் காரணம். எங்கள் பக்கத்தில் குருவிடம் போய்ச் சொல்லும் வழக்கம் இல்லை, நேரே கடவுளிடம் அறிக்கை செய்கிறோம். 1517ல் சீர்திருத்தக்காரர் லூத்தர் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து எழுதியதிலிருந்து, காசு கொடுத்து மன்னிப்பை வாங்க முடியாது என்பது எங்களுக்கு ரத்தத்தில் ஊறியது. நல்லதுதான். ஆனால் அந்தப் பயத்தில் நாங்கள் மறுகோடிக்குப் போய்விட்டோமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. சாட்சிக் கூட்டங்களில் ஒருவர் மேடையேறி ‘நான் அப்படிக் குடித்தேன், இப்படிச் சூதாடினேன், இன்று விடுதலையானேன்’ என்பார், எல்லாரும் அல்லேலூயா சொல்வோம். அவர் மனைவி மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார். அந்த அம்மாவின் முகத்தை ஒருமுறை பார்த்த பிறகு என்னால் அவ்வளவு சத்தமாக அல்லேலூயா சொல்ல முடியவில்லை.

உங்கள் மேல் எறியப்படக்கூடிய பெரிய கல் ஒன்று இருக்கிறது. அதை முன்கூட்டியே பார்த்துவிடுவோம். மத்தேயு 18. இயேசுவின் சீடன் பேதுரு கேட்கிறான், எத்தனை தரம் மன்னிப்பது, ஏழு தரமா? ‘ஏழெழுபதுதரமட்டும்’ என்கிறார் இயேசு. அதற்கு ஒரு கதை. ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரன், காலில் விழுந்து கெஞ்சுகிறான், ராஜா முழுவதையும் விட்டுவிடுகிறார். வெளியே வந்தவன் தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டிய உடன் ஊழியக்காரனின் தொண்டையைப் பிடிக்கிறான். ராஜா கேள்விப்பட்டு அவனைச் சிறையில் தள்ளுகிறார். ‘நீங்களும் மன்னிக்காவிட்டால் உங்கள் பிதாவும் இப்படியே செய்வார்’ என்று கதை முடிகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாள் கூலி. பதினாயிரம் தாலந்து என்றால் 6 கோடி நாள். ஒருநாள்கூட லீவு போடாமல் உழைத்தாலும் 1,64,000 ஆண்டுகளுக்கு மேல். கட்டவே முடியாத தொகை, வேண்டுமென்றே அப்படிச் சொன்னார். மறுபக்கம், நூறு வெள்ளிப்பணம் என்பது நூறு நாள் கூலி. பிரசங்கிகள் இதை ‘அற்பக் கடன்’ என்று சொல்லித் தாண்டிவிடுவார்கள். மூன்று மாதச் சம்பளத்துக்கு மேல் உங்களுக்கு யாராவது தர வேண்டியிருந்தால் அது அற்பமா? இயேசு உங்கள் இழப்பைச் சின்னது என்று சொல்லவில்லை. நிஜமான பணம், நிஜமான நஷ்டம்.

அதைவிட முக்கியமானது ஒன்று. இந்தக் கதையில் ராஜாவிடம் மன்னிப்புப் பெற்றவன் யார்? உடன் ஊழியக்காரனுக்குக் கடன் கொடுத்தவன். அவனிடம்தான், ‘நீ பெற்றாயே, கொடுக்கக் கூடாதா’ என்று ராஜா கேட்கிறார். நூறு வெள்ளிப்பணம் தர வேண்டியவன் என்ன செய்தான்? ‘பொறுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் உமக்குத் தந்து தீர்க்கிறேன்’ என்று காலில் விழுந்தான். ‘ராஜாவே என் கடனை விட்டுவிட்டார், உனக்கு என்ன?’ என்று அவன் கேட்கவில்லை. உங்கள் அப்பாவின் நிலைமை என்ன? ராஜாவிடம் மன்னிப்புப் பெற்றவரும் அவரே, உங்களுக்குக் கடன்பட்டவரும் அவரே. இந்தக் கதையில் கடன்பட்டவன் கையில் இயேசு எந்தத் தடியையும் கொடுக்கவில்லை. உங்கள் அப்பா இந்தக் கதையை உங்களிடம் கொண்டுவந்தால் இதைச் சொல்லுங்கள். அவருக்குக் கதையில் உள்ள ஒரே வசனம், பொறுத்துக்கொள், தந்து தீர்க்கிறேன் என்பது.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சபையில், பெயர் வேண்டாம், கணவனிடம் அடிவாங்கிய ஒரு பெண்ணை ஓர் அறையில் உட்கார வைத்து ‘மன்னித்துவிடம்மா, நீ மன்னித்தால்தான் கர்த்தர் உன்னை மன்னிப்பார்’ என்று பேசினோம். நானும் அந்த அறையில் இருந்தேன், வசனத்தை எடுத்துக் கொடுத்ததே நான்தான். அவர் ‘சரிங்கண்ணே’ என்றார். கணவன் கைகொடுத்தான். மேசையில் இருந்த மைலோ ஆறிப்போய் மேலே ஆடை படிந்திருந்தது, அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதத்தில் மறுபடி அடி. நாங்கள் அன்று கேட்டு வாங்கியது எங்கள் வசதிக்கான அமைதி. மன்னிப்பு என்று பெயர் வைத்தோம். அந்தப் பெண்ணிடம் பிறகு நான் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை, கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

மன்னிப்பும் நியாயமும் ஒன்றையொன்று விழுங்கிவிடும் என்று நினைப்பவர்களுக்கு நம் ஊரிலேயே ஒரு கதை உண்டு. 1943 செப்டம்பரில் நேசப்படைச் சிறுகுழு ஒன்று சிங்கப்பூர்த் துறைமுகத்தில் ஜப்பானியக் கப்பல்களைத் தகர்த்தது. சாங்கிச் சிறையில் அடைபட்டிருந்தவர்கள் உளவு சொன்னார்கள் என்று ஜப்பானிய ராணுவப் போலீஸ் கெம்பெத்தாய் சந்தேகப்பட்டு, அக்டோபர் 10லிருந்து ஆட்களை இழுத்துப் போனது. 57 பேர் பிடிபட்டார்கள், 15 பேர் செத்தார்கள். சிங்கப்பூர் ஆங்கிலிக்கன் பேராயர் லெனர்ட் வில்சனும் சிக்கினார். நாள் கணக்கில் அடித்தார்கள். அடித்தவர்களை மன்னிக்கும்படி ஜெபித்தது எவ்வளவு கடினமாக இருந்தது என்று போருக்குப் பிறகு அவரே சொன்னார். அடிப்பவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டே, இவர்களும் ஒரு காலத்தில் சின்னக் குழந்தைகளாக இருந்தவர்கள்தானே என்று நினைக்க முயன்றாராம். போர் முடிந்த பின், தன்னை வதைத்தவர்களில் ஒருவர் கிறிஸ்துவராகி முன்னால் நிற்க, அவர் தலையில் கைவைத்து, சபையில் அவரை உறுதிப்படுத்தும் திடப்படுத்தல் சடங்கைச் செய்தவரும் அதே வில்சன். இங்கே ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் நின்றுவிடும். ஆனால் 1946ல் இந்த வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. 21 பேர் குற்றக் கூண்டில் நின்றார்கள், 8 பேருக்கு மரண தண்டனை. பேராயர் மன்னித்தார் என்பதற்காக விசாரணை நிற்கவில்லை, செத்துப்போன 15 பேர் சார்பில் அவர் மன்னிப்பு வழங்கவும் இல்லை. மன்னித்தது தன் உடம்பில் விழுந்த அடியை.

நீங்கள் மன்னிக்க வேண்டுமா என்றால், கிறிஸ்துவராக என் பதில், ஒரு நாள் முடிந்தால் நல்லது என்பதுதான். அதை மறைத்துப் பேசினால் நான் பொய்யன். ஆனால் பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் முதல் வார்த்தையைப் பற்றிப் பேச எனக்குக் கொடுக்கும்போதெல்லாம் ஒன்று கண்ணில் படும். சிலுவையில் இயேசு ‘நான் உங்களை மன்னிக்கிறேன்’ என்று சொல்லவில்லை. ‘பிதாவே, இவர்களுக்கு மன்னியும்’ என்றார். வலியின் உச்சத்தில் அவர் அதைப் பிதாவின் கையில் கொடுத்தார். இறையியல் படித்தவர்கள் இதை வேறு மாதிரி விளக்கலாம். எனக்கு, தானே மன்னிக்க முடியாத ஒருவருக்கும் சொல்ல ஒரு ஜெபம் இருக்கிறது என்று தோன்றுகிறது. நீங்கள் கிறிஸ்துவர் இல்லை என்று நினைக்கிறேன், அதனால் இதைக் கட்டாயப்படுத்தவில்லை.

‘அப்படியானால் வினைப்பயன் என்ன ஆனது, முற்பகல் செய்தது பிற்பகல் விளையாதா’ என்று உங்களுக்குத் தோன்றலாம். விதைத்ததை அறுப்பான் என்று பவுலும் எழுதியிருக்கிறார். தாவீது மன்னிக்கப்பட்ட பிறகும் அவன் வீட்டில் சாவும் சண்டையும் ஓயவில்லை. மறுபுறம், நம் மரபிலும் வினை மட்டும்தான் உண்டு என்று சொல்ல முடியாது. மயிலாடுதுறைப் பக்கம் தலைஞாயிறில் சிவனுக்கே குற்றம் பொறுத்த நாதர் என்று பெயர். என் பாட்டி கடைசிவரை சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போனவர். கன்னத்தில் போட்டுக்கொண்டு அவர் சொன்னதும் ‘தாயே, பொறுத்துக்கோ’ என்பதுதான். உங்கள் அம்மாவைப் பற்றி யாராவது, ஞானஸ்நானம் பெறாமல் போய்விட்டாரே என்று இழுத்தால், அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். இன்னொருவர் கடனுக்காகத் தன் வீட்டுக் கதவைத் தேய்த்த கைகளைக் கடவுள் என்ன செய்வார் என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை அவர் நம் யாருக்கும் கொடுக்கவில்லை.

கடைசிக் கேள்வி, ஞானஸ்நானத்துக்குப் போவதா. சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிவந்த இளைய மகனுக்குத் தகப்பன் விருந்து வைக்கும் கெட்ட குமாரன் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், உங்கள் அப்பா அதில் தன்னை இளைய மகனாகப் பார்ப்பார். மூத்தவனைக் கொஞ்சம் பாருங்கள். கதையின் ஆரம்பத்திலேயே தகப்பன் சொத்தை இருவருக்கும் பங்கிட்டுவிட்டார். இளையவன் தன் பங்கை அழித்துவிட்டான். அப்படியானால் வீட்டில் மிச்சம் இருப்பதெல்லாம் பிற்பாடு மூத்தவனுக்குச் சேர வேண்டியது. ‘எனக்குள்ளதெல்லாம் உன்னுடையதாயிருக்கிறது’ என்று தகப்பனே சொல்கிறார். இளையவன் வந்ததும் அடித்த அந்தக் கொழுத்த கன்றும் மூத்தவனின் பங்கிலிருந்துதான், அவனிடம் யாரும் கேட்கவில்லை. வயலிலிருந்து வந்தவன் பாட்டுச் சத்தம் கேட்டு வெளியே நின்றுவிட்டான். தகப்பன் விருந்தை விட்டுவிட்டு வெளியே வந்து அவனை வருந்திக் கேட்டார், திட்டவில்லை. அவன் உள்ளே போனானா? லூக்கா சொல்லவில்லை. கதை வாசலிலேயே நிற்கிறது.

போனால் இப்படிச் செய்யுங்கள். அப்பாவிடம் முன்கூட்டியே, ‘நான் வருவதால் மன்னித்துவிட்டேன் என்று சாட்சி சொல்லக் கூடாது’ என்று சொல்லிவிடுங்கள். போகாவிட்டால், ஞானஸ்நானம் கொடுக்கும் போதகருக்கு இரண்டு வரி எழுதலாம். இவர் எங்களுக்கு இன்னின்னது செய்திருக்கிறார், இதைப் பற்றி அவரிடம் பேசினீர்களா என்று. பொறுப்பான போதகர் என்றால் ஆயத்த வகுப்பிலேயே அதைக் கேட்டிருக்க வேண்டும், கேட்காவிட்டால் இப்போது கேட்பார். போவதாக முடிவு செய்தால் கடைசி வரிசையில், வெளியேறும் வழிக்குப் பக்கத்தில் உட்காருங்கள். ஆராதனை முடிந்ததும் கீழே பிரியாணிப் பொட்டலம் கொடுப்பார்கள், தெரியாதவர்கள் எல்லாம் வந்து கையைப் பிடித்துக்கொண்டு ‘அப்பாவைப் பார்த்தீர்களா, எவ்வளவு மாற்றம்’ என்பார்கள். அதற்கு நிற்க வேண்டியதில்லை. பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விடுங்கள்.